தூக்கிப் போட்ட தட்டு

பதினான்கு வருஷமாக அடுத்தவர் சளியைக் கையாள்வதே அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். மூடியைத் திறந்ததும் குடலைப் புரட்டும் சளியைக் கண்டுகூட அவள் முகம் சுளித்ததில்லை. பூஞ்சை என்றால் மட்டும் உடம்பு கூசும். ரொட்டியின் ஓரத்தில் துளி பச்சை தெரிந்தால் போதும், பாக்கெட்டோடு குப்பைக்குப் போய்விடும்.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். வெறும் காய்ச்சல்தானே என்று நாலு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி அதே ஆஸ்பத்திரியின் ஐசியுவில் வந்து விழுந்தார். கடுமையான ஃப்ளூ. தொண்டையில் குழாய், வென்டிலேட்டர். அவருடைய சளி லேபுக்கு வந்தபோது, வேறு யார் கைக்கும் விடாமல் அவளே கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து வளர வைத்தாள்.

இரண்டாம் நாள் பார்த்தால் தட்டின் ஓரத்தில் மிளகளவு பச்சைப் புள்ளி, சுற்றிலும் வெள்ளைப் பஞ்சு. சே! கை தானாகப் பின்வாங்கியது. ஏசி கக்கும் தூசு விழுந்து தட்டில் பூஞ்சை பூப்பது அங்கே வழக்கம்தான். மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டே விரலால் தூக்கிக் கழிவுப் பையில் போட்டாள். 'கிருமி எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் போயிற்று.

நாலு நாள் கழித்து ஐசியு டாக்டரம்மாவே மாமாவின் சளி அடைத்த ஒரு குப்பியோடு லேபுக்கு வந்தார்.

"உள்ள கேமரா விட்டுப் பாத்தேன். மூச்சுக்குழாய் பூரா வெள்ளை வெள்ளையா ஆடை மாதிரி உரிஞ்சு தொங்குது. ஃப்ளூ உள்சுவரை அரிச்சுட்டா, காத்துல இருக்குற பூஞ்சை சுலபமா எறங்கி நுரையீரலையே தின்ன ஆரம்பிச்சுடும். மொத சளியில எதுவும் வரலையே?"

அவள் குப்பியை வாங்கிக்கொண்டாள். அதில் இருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிளை கிளையாய் இழைகள். ஒரு மனுஷனின் மூச்சுக்குள், மாமாவின் மூச்சுக்குள், பூஞ்சை பூத்த ரொட்டி. வாஷ்பேசினுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

லேபின் தலைவரை எல்லோரும் 'கையெழுத்து' என்றுதான் சொல்வார்கள். அதைத் தவிர அவர் எந்த வேலையும் செய்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் பிஸ்கட்டை மென்றுகொண்டே, "ஏம்மா, சும்மா இருக்குற சங்கை ஊதிக் கெடுக்குறே? தூசுன்னு நெனச்சே, போட்டே. தட்டே இல்லாதப்போ யாரு கேக்கப்போறா?" என்றார். பேசப் பேச ஈரத் துணுக்குகள் மேஜையில் தெறித்தன.

அந்த வாயைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது. ஆனால், அவர் சொன்னதையேதான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்த்துத் தானும் நினைத்தது உறைத்தபோது, தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நேராக மாடியேறி, இழைகளைப் பார்த்ததையும் தட்டைத் தூக்கிப் போட்டதையும் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, உடனே பூஞ்சைக்கான மருந்தை ஏற்றச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார். ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது.

"அருவருப்பா இருந்துச்சுன்னு தூக்கிப் போட்டியா?"

"தூசுன்னு நெனச்சேன்க்கா. உத்துப் பாத்திருக்கணும். பாக்கப் பிடிக்கல."

அக்கா அவள் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு, புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மாமா பிழைத்தார். மூன்று வாரம் கட்டி கட்டியாய்ப் பழுப்பும் கறுப்புமாகக் குழாய் வழியே உறிஞ்சியெடுத்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. இனி லாரி கிடையாது. நாலு படி ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்குகிறார்.

வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே, "காய்ச்சலோட நாலு நாளு வண்டி ஓட்டின மடையன் நானு. என் பங்கையும் சேத்து நீயே சுமக்காதே," என்றார் கரகரத்த குரலில்.

சமையலறை வாசலில் நின்ற அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை.

"வந்தவங்களுக்கு டீ வேணுமான்னு கேளுங்க," என்றாள் புருஷனிடம்.

"வேணும்னு சொல்லுங்க மாமா," என்றாள் அவள்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றவைக்கும் சத்தமும் கேட்டது.