வெள்ளி வராத வெள்ளிக்கிழமைகள்

அந்த மாதம் முழுவதும் கோள்கள் தத்தம் கிழமையில் மட்டுமே வந்தன, அதுவும் மூக்குக்கண்ணாடிக் கடை அக்காவின் மொட்டைமாடிக்கு மட்டும். முதல் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் செவ்வாய் வந்து துணிக்கொடிக்கு ஒரு முழம் மேலே நின்றது. காயப்போட்டிருந்த போர்வை சிவந்துபோய், எத்தனை அலசியும் வெளுக்கவில்லை. புதன் வந்த வேகத்தில் போய்விட்டது, பார்த்தவர்கள் நாலே பேர். வியாழன் தன் நிலவுகளோடு, குடும்பத்தோடு விருந்துக்கு வந்த பெரிய மனிதரைப் போலத் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டது. சனி தாமதமாக வந்து, கிளம்ப மனமே இல்லாமல் இருந்தது. "சனி பிடிச்சா லேசுல விடுமா?" என்று பேக்கரிக்காரர் சிரித்தார். தெருவே நாற்காலியோடு மாடியேறியது.

வெள்ளிக்கிழமை மட்டும் வானம் காலியாக இருந்தது. மற்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். அக்கா மட்டும் இறங்காமல் நின்றாள். பதின்மூன்று வருடங்களுக்கு முன், துறைமுக வேலைக்குக் கிளம்பிய தம்பி வாசலில் நின்று, "வெள்ளி வந்ததும் வந்துடுவேன்கா" என்று சொல்லிப் போனான். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வெள்ளிக்கிழமையைச் சொல்கிறான் என்று நினைத்து, 'வெள்ளிக்கிழமை மாலை விடுமுறை' என்று கடையில் பலகையே எழுதி மாட்டினாள். ஆள் வரவில்லை, கடிதங்கள்தான் வந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்ற ரோஷத்தில் எல்லாவற்றையும் பிரிக்காமல் பீரோவில் போட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்திப்பொழுதில் அவன் பெட்டியோடு வந்து நின்றபோது, தாழ்ப்பாளைத் திறக்காமல் ஜன்னல் வழியாக, "நீ சொன்ன வெள்ளி எப்பவோ போச்சு" என்றாள். அவன் ஒருமுறை வானத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் ஏமாற்றிய பிறகு பேக்கரிக்காரர் சொன்னார்: "வெள்ளிக்கு ஏதுக்கா கிழமை? கொஞ்ச மாசம் விடியக்காலைல இருக்கும், கொஞ்ச மாசம் சாயங்காலம். நடுவுல ஆளையே காணோம். கப்பல்காரங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க."

அக்கா இறங்கிப்போய் பீரோவைத் திறந்து, முதல் கடிதத்தைப் பிரித்தாள். "நாம மாடியில பார்ப்போமே, அந்த வெள்ளி. அது சாயங்கால வானத்துக்குத் திரும்ப எட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் கோவிச்சுக்காதேக்கா." அவளுக்குச் சின்ன வயதிலேயே கிட்டப்பார்வை. தொட்டிமேல் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து அவள் "எங்கடா, எங்கடா" என்பாள். அவன் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பிவிடுவான். ஒன்றும் தெரியாமலே "ஆமாடா, தெரியுது" என்பாள். "பாவி நான், கிழமைன்னு நினைச்சுட்டேனே!" என்று பீரோக் கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். அன்றே கடைசிக் கடிதத்திலிருந்த முகவரிக்கு எழுதினாள்: "எந்தக் கிழமையா இருந்தாலும் வாடா."

கடைசிச் செவ்வாய்க்கிழமை அவன் வந்தான், காதோரம் நரைத்து, அதே பெட்டியோடு. வெள்ளி அவன் தலைக்கு இரண்டு முழம் மேலே கூடவே வந்தது. துணிக்கொடியருகே இருந்த செவ்வாய் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தது. மாடியில் அவன் பழையபடி அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "தெரியுதாக்கா?" என்றான்.

"தெரியாம என்னடா? கண்ணாடிக் கடையே வெச்சிருக்கேன்" என்றாள். கண் நிறையத் தண்ணீர், அன்றும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பலகையை அழித்து எழுதினாள்: 'வெள்ளி வந்தால் விடுமுறை.' மாலையில் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் இன்றும் முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.