ஐந்தாவது பாடம்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சவாகோ அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், இருபது நிமிடத்துக்கு வெளியே வரமாட்டாள். குழாயை லேசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் நிறுவன வருமான வரிச் சட்டத்தை முணுமுணுப்பாள். வரிக் கணக்காளர் பரீட்சையில் புரிந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதினால் மதிப்பெண் வராது. சட்டத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுதியாக வேண்டும். அதனால் நாற்பத்தொரு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, தரையோட்டைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால் அலுவலகத்தின் இன்னொரு ஊழியரான ஒபாத்தா அக்கா காத்திருப்பாள்.

"இன்னைக்காவது போச்சா?"

"கொஞ்சம்க்கா."

"ஏழு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாவே போனா உடம்பு என்னத்துக்காகும்? கடல்பாசிய நெறயப் போட்டு சூப்பு வச்சுக் குடி. தனியா இருக்கோம்னு ரொட்டியக் கடிச்சுட்டுப் படுத்துடுற. அதான்."

சவாகோ தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய்விடுவாள்.

மிஹாரா ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது குரமோச்சி வரிக் கணக்காளர் அலுவலகம். மொத்தமே மூன்று பேர். முதலாளி குரமோச்சி சாருக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது கடைகளின் வரிப் படிவங்களைச் சவாகோ தயாரிப்பாள். ஆனால் கடைசியில் விழுவது அவருடைய சிவப்பு முத்திரை. சமைப்பது ஒருத்தி, பந்தியில் பேர் வாங்குவது இன்னொருவர். தன் பெயரில் ஒரு முத்திரை வேண்டுமானால் ஐந்து பாடங்கள் தேறவேண்டும். இங்கே சேர்வதற்கு முன்பே, வேறு வேலை பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்றாக எழுதி, நான்கைத் தேறிவிட்டாள். ஐந்தாவதான நிறுவன வருமான வரிதான் அவளை ஆறு முறை கவிழ்த்திருந்தது.

இதையெல்லாம் மறைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு முன் அங்கே வேலை பார்த்த மூவரும், தேறிய மறுமாதமே ஆளுக்கு நாலு கடைகளையும் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டவர்கள். சூடு கண்ட குரமோச்சி நேர்முகத்தில் முதல் கேள்வியாக, "பரீட்சை எழுதுறீங்களா?" என்று கேட்டார். "விட்டுட்டேன் சார்" என்றாள். அன்று தொடங்கியது பொய். பரீட்சை நடக்கும் ஹிரோஷிமாவில் ஓர் அத்தையை உண்டாக்கினாள். அந்த அத்தைக்கு வருஷம் தவறாமல் ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் உடம்புக்கு வரும்.

இந்த வருஷம் ஜூலை கடைசியில், ஒபாத்தா அக்கா தபால் நிலையத்துக்குப் போயிருந்த நேரம், குரமோச்சி தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஹமனே அம்மா கடைக்கு வரி அலுவலகத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. ஆகஸ்ட் அஞ்சு, புதன்கெழம, காலைல பத்து மணி. நீ கூட வரணும்."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை.

"அன்னைக்கு லீவு கேட்டிருந்தேனே சார்."

"அத்தையா?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு வருஷம் அத்தைய விடக்கூடாதா?"

வேறு வருஷமாக இருந்தால் விட்டிருப்பாள். இந்த முறை உண்மை தானாக வாயில் வந்தது. "அத்தை இல்ல சார். பரீட்சை."

அவர் பேனாவை மூடினார். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வேல கேட்டு வந்த அன்னைலேர்ந்து. ஒரு கட்டு ரசீதக் குடுத்துக் கூட்டச் சொன்னேன்ல? வலது கைல பேனா, இடது கையால கால்குலேட்டர். எழுதுற கைய நிறுத்தக்கூடாதுன்னு பயிற்சிப் பள்ளிலதான் அப்படிப் பழக்குவாங்க. வாய் விட்டுட்டேன்னு சொல்லுது, கை விடலைங்குது."

ஏழு வருஷ அத்தையை நினைத்துச் சவாகோவுக்குக் காது சுட்டது. பிறகு வேறொன்று உறைத்தது.

"அப்போ புதன்கிழமைதான் பரீட்சைன்னும் தெரியுமா சார்?"

"ரெண்டு தேதி குடுத்தாங்க. இன்னொண்ணு இருபது. நான்தான் அஞ்சுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"என் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவுல ஒரு பலகைதான். ஆறு வருஷம் தடுக்கித் தடுக்கி ஒப்பிச்ச. இந்த ஏப்ரல்லேர்ந்து ஒரு எடத்துலயும் நிக்கல. நீ தேறிடுவ. தேறினா போயிடுவ. அவ்ளோதான்."

சவாகோவுக்கு ஆத்திரம் பொங்கியது. மேசையில் இருந்த கோப்பை எடுத்து வீசலாம் போலிருந்தது. அதே நேரத்தில் கண்ணில் நீர் முட்டியது. நீ தேறிடுவ என்று இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை, பெற்ற தாய்கூட. அதைச் சொல்ல, காலை வாரிவிடப் பார்த்த மனுஷன்தான் வாய்த்தான்.

"இருபதுக்கு மாத்துங்க சார்."

"ஒத்துக்கிட்ட தேதிய மாத்தினா அந்தம்மா எதையோ மறைக்குதுன்னு நெனப்பாங்க."

"அப்ப நீங்க மட்டும் போங்க. நான் வரல."

"அந்தக் கணக்குல எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா" என்றார் அவர். அவர் அப்படி ஒத்துக்கொண்டு அவள் கேட்டதில்லை.

ஹமனே அம்மா மீன் அரைத்து வேகவைத்து விற்பவள். ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறாள், அதிகாரி என்றாலே பயந்துவிடுவாள். அவளை எண்ணித்தான் சவாகோ கோப்போடு உட்கார்ந்தாள். பரீட்சைக்கு முந்தைய ஐந்து நாளும், எந்தத் தாள் எங்கே, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று சார் பார்த்ததும் புரியும்படி வண்ணச் சீட்டு ஒட்டினாள். கடைசிச் சுற்றுப் படிப்புக்கென வைத்திருந்த நாட்கள் அவை. போனது போனதுதான்.

"என்னடி, கழிப்பறைப் பக்கமே காணோம்?" என்றாள் ஒபாத்தா அக்கா.

"சரியாயிடுச்சுக்கா."

"பாத்தியா! பாசின்னா பாசிதான்."

புதன்கிழமை, ஹிரோஷிமாவில் பெரிய பரீட்சைக் கூடத்தில் பாதிப் பேர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். கைப்பேசியை அணைத்து நாற்காலிக்கடியில் வைத்தாள். முதல் கேள்வி, கடைசிச் சுற்றில் பார்க்க விட்டுப்போன பகுதியிலிருந்து வந்திருந்தது. எழுதத் தொடங்கினாள். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. இந்நேரம் அதிகாரிகள் கடைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவார்கள். சார் எந்தச் சீட்டைப் புரட்டிக்கொண்டு விழிக்கிறாரோ? கண்ணை மூடி, குழாய்ச் சத்தத்தை மனசுக்குள் திறந்துவிட்டாள். வாக்கியம் வந்தது. அது சட்டத்தின் வாக்கியமா, தானே கட்டியதா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுதினாள்.

பதினொன்றுக்குத் தாளை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, மரமெல்லாம் சில்வண்டுச் சத்தம். இளசுகள் வட்டமாக நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தள்ளிப்போய்க் கைப்பேசியை உயிர்ப்பித்தாள். குரமோச்சியிடமிருந்து இரண்டு செய்திகள்.

பத்து பதினான்குக்கு: "குளிர்பெட்டி வாங்கின ரசீது எங்க இருக்கு?"

பத்து இருபதுக்கு: "கெடச்சிருச்சு. நீ இதப் பாக்காத. எழுது."

அவள் இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் திறந்ததுமே செய்தியின் ஓரத்தில், 'படித்தாயிற்று' என்ற சின்ன எழுத்து விழுந்திருந்தது. மிஹாராவில், அதிகாரிகளுக்கு முன்னால் மேசையில் கிடக்கும் அவருடைய கைப்பேசியிலும் அது இப்போது விழுந்திருக்கும்.