எழுத்தறியாதோர்: பூஜ்யம்

எங்கள் ஊராட்சியில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஊராட்சி எழுத்தரான நானே எழுதிய கணக்கு அது. 'எழுத்தறியாதோர்' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யத்தை வட்டமாக, பிசிறில்லாமல் போட்டு, தலைவர் சாரூனிடம் கையெழுத்து வாங்கி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

எப்படிக் கணக்கெடுத்தோம் என்று கேட்கிறீர்களா? புத்த விகாரைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினோம். 'எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து பெயரைப் பதிவு செய்துகொள்ளவும்.' அந்தத் திங்கட்கிழமை நாள் முழுக்க நான் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈ, காக்கைகூட வரவில்லை.

"பாத்தியா சிந்தா! ஒருத்தன்கூட இல்ல!" என்று தலைவர் தொடையைத் தட்டினார். கேலிக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனுஷன் நிஜமாகவே பூரித்துப் போயிருந்தார்.

மாவட்டத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே தலைவருக்கு ஒரு புது யோசனையும் வந்தது. எல்லோருக்கும் எழுதத் தெரிந்த ஊரில் இனி எந்த விண்ணப்பமும் விண்ணப்பதாரரின் சொந்தக் கையெழுத்தில்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் நாட்டில் கையெழுத்துப் போடுகிறவனும் பக்கத்திலேயே சிவப்பு மையில் பெருவிரலைப் பதிப்பான், அது வேறு. எழுத்தே இல்லாமல் விரலை மட்டும் வைக்க வேண்டுமென்றால் அதற்கு 'எழுத்தறியாதோர் படிவம்' என்று ஒன்று உண்டு. அதைத்தான் தலைவர் ஒழித்துக்கட்டினார். இல்லாத ஆளுக்குப் படிவம் எதற்கு? கட்டுக்கட்டாக மிஞ்சியதை நான் பொரித்த வாழைப்பழம் மடித்துத் தின்னப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை காலை பியக்தே வந்து நின்றான்.

பியக்தே என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். 'படித்தவன்' என்பது பள்ளிக்கூடத்துப் பதிவேட்டின் வார்த்தை, என் வார்த்தை அல்ல. மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் என் சைக்கிளை அவன் தூக்கி வருவான், பரீட்சையில் என் தாளை நான் அவன் பக்கம் சாய்த்து வைப்பேன். அவன் எழுத மாட்டான், வரைவான். நான் எழுதியதைப் பார்த்து வளைவு வளைவாக அப்படியே வரைந்துவிடுவான். ஆறாம் வகுப்பில் சிந்தா என்ற பெயரில் இரண்டு விடைத்தாள்கள் வந்தன. ஆசிரியருக்கு அன்று நெல் நடவு, திருத்த நேரமில்லை. இரண்டு சிந்தாவையும் பாஸ் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

"என்னடா, மாப்பிள்ளை மாதிரி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு?" என்றேன்.

"கொரியா போறேன் சிந்தா. காளான் பண்ணை. பரீட்சை பாஸ்."

"எந்தப் பரீட்சை?"

"கொரிய பாஷைப் பரீட்சை. எரநூறுக்கு நூத்து நாப்பத்தஞ்சு."

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். ஒரு விசாரிப்புக்குக்கூட விரலால் தட்டத் தெரியாமல், போனை உதட்டருகே பிடித்துக் குரலாகவே செய்தி பேசி அனுப்புகிற கூட்டத்தில் ஒருவன் இவன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தான். நிஜம்தான்.

சிக்கல் இதுதான். பாஸ்போர்ட்டில் அவன் பெயர் சரியாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக் குடும்பப் புத்தகத்தில் நடு எழுத்துக்குக் கீழே தொங்க வேண்டிய கால் இல்லை. எங்கள் எழுத்துக்குக் கால் முக்கியம். அது விட்டுப்போனால் பெயரே வேறு. எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் அவசரத்தில் காலை வெட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் பொருந்தவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தக் கடிதம் வராவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த ஆளை அனுப்பிவிடுவோம் என்று தலைநகரில் சொல்லிவிட்டார்களாம். அடுத்த பரீட்சை எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"அஞ்சு நிமிஷ வேலைடா. விண்ணப்பம் எழுதிக் குடு, கையோட திருத்தித் தர்றேன்."

பியக்தே என்னையே பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி, நான் எழுதித் தர்றேன். நீ பாத்து வரைஞ்சிடு, பழையபடி" என்று குரலைத் தாழ்த்தினேன். தலைவர் உள்ளறையில் வலை ஊஞ்சலில் படுத்திருந்தார்.

"வேணாம்."

"என்னடா வேணாம்?"

"வரையறது வேற, எழுதறது வேறன்னு எனக்கு இப்பதான் தெரியும் சிந்தா. கொரிய எழுத்தப் படிக்கறப்போ, எழுத்து வாயத் தொறந்து பேசுது. பலகையப் பாத்தா கடைப் பேரு தானா காதுல விழுது. இத்தனை வருஷம் நான் வரைஞ்ச ஒரு எழுத்துகூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல. இனிமே ஊமைப் படம் வரைய மாட்டேன். நானே எழுதறேன், பேப்பர் குடு."

கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மளமளவென்று அரைப்பக்கம் எழுதினான். ஒரு அடித்தல் இல்லை. வாங்கிப் பார்த்தால் அத்தனையும் கட்டம் கட்டமாய், வட்டம் வட்டமாய்க் கொரிய எழுத்து.

"பேச்சு நம்ம பேச்சுதான். எழுத்துதான் அவங்களது" என்றான். "கொரிய வகுப்புல இருக்கற நம்ம பசங்கல்லாம் இப்படித்தான் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கறோம்."

அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனோம். தலைவர் ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி மாட்டி, தாளை நேராகப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், தூரத்தில் பிடித்தார்.

"என்னய்யா இது, கோழி கிளறுன மாதிரி?"

"விண்ணப்பம்ங்கய்யா. சொந்தக் கையெழுத்து."

"எனக்குப் படிக்கத் தெரியலையே?"

பியக்தே பணிவாக இரண்டு கையையும் கூப்பினான். "அப்படின்னா ஐயாவுக்கு ஒரு எழுத்தறியாதோர் படிவம் போடணும்ங்க."

எனக்கு இருமல் வந்தது. தலைவர் முகம் சிவந்துபோயிற்று.

"கொழுப்பாடா? கொரியாக்காரன் எழுத்து தெரிஞ்சவனுக்கு நம்ம எழுத்து தெரியாதா? யார்கிட்ட கதை விடறே? ஒம்பதாவது பாஸ் பண்ணுனவன்தானே நீ?"

"பாஸ்தான்யா. ஆனா கொரிய எழுத்து இருபத்து நாலுதான், அந்த வாத்தியாரு தெனமும் வந்தாரு. நம்மளது முப்பத்து மூணு, அதுக்கு ஒவ்வொரு கால், மேல கொம்பு, பக்கத்துல வாலு. வாத்தியாரு வாரத்துக்கு ரெண்டு நாளு வந்தாரு. நான் என்னய்யா பண்ணுவேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நம்ம எழுத்துல எழுதிட்டு வா."

"தெரியாதுங்கய்யா. விரல் வச்சுடறேன்."

"விரல் வைக்கறதுக்குத் தெரியாதவனா இருக்கணும். நம்ம ஊர்ல தெரியாதவனே கிடையாது. மாவட்டமே சொல்லியாச்சு." தலைவர் மறுபடி படுத்துக்கொண்டார். ஊஞ்சல் ஆடத் தொடங்கியது.

என் மேஜைக்குத் திரும்பி வந்தோம். எனக்கு ஆத்திரம் பியக்தே மேல்தான். "தலைநகருக்கு நாலு மணிக்கு பஸ்ஸுடா எருமை. வரைஞ்சு தொலைச்சா என்ன? உன் ரோஷத்துக்குக் கொரியாவையே விடுவியா?"

அவன் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அறிக்கை நகலை விரலால் தொட்டான். எழுத்து தெரியாவிட்டாலும் எண் எல்லோருக்கும் தெரியும்.

"இது என்ன கட்டம்?"

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க."

"எழுதுனது யாரு?"

நான் மேஜைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"நீ எழுதுன. ஒம்பது வருஷம் என் பக்கத்துலயே உக்காந்திருந்தவ. எனக்குத் தெரியாதுன்னு இந்த ஊர்ல வேற யாருக்கும் தெரியாட்டியும் உனக்குத் தெரியும். இந்த முட்டைக்குள்ள நான் எங்க சிந்தா இருக்கேன்?"

அசிங்கமாக இருந்தது. வேறெப்படிச் சொல்ல? இத்தனை நாளும் தலைவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவராவது தெரியாமல் நம்பினார். நான் தெரிந்தே வட்டம் போட்டேன், அதுவும் அழகாக.

எண்ணெய் படாத படிவம் ஒன்றைத் தேடி எடுத்தேன். 'இவருக்கு எழுத்து தெரியாது' என்று எழுதி, அவன் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திப் பதித்தேன். சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது சாட்சிக்கு வாசலில் கரும்புச்சாறு பிழியும் சோபியப்பைக் கூப்பிட்டேன். முப்பது வயதிருக்கும், ஊர் வாயெல்லாம் அவளிடம்தான்.

"எங்கே போடணும்?"

"இங்கே. உன் பேரு எழுது."

சோபியப் கையைப் பாவாடையில் துடைத்தாள். "பேரெல்லாம் எனக்கு வராதுடீ. இப்படிப் படிவம் இருக்கா? அப்ப எனக்கும் ஒண்ணு குடேன்."

விரலைப் பதித்துவிட்டுப் போனாள். போகும்போதே போனை உதட்டருகே வைத்துக்கொண்டாள்.

இனி தலைவர் கையெழுத்துதான் பாக்கி. அது கஷ்டமே இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொண்டுபோகும் தாள்கட்டில் ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. பியக்தேயின் படிவத்தையும் திருத்தக் கடிதத்தையும் நடுவில் செருகினேன். அதற்கும் கீழே இந்தக் காலாண்டு அறிக்கையை வைத்தேன். அந்தக் கட்டத்தில் சோபியப்பையும் சேர்த்து '2' என்று எழுதியிருந்தேன். தலைவர் பல்லைக் குத்திக்கொண்டே பதினாறு தாளுக்கும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் பியக்தேயின் குரல் வந்தது. "கால் வந்துடுச்சு சிந்தா! பேரு பொருந்திடுச்சு! நாளைக்கு விமானம்!" அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறக்க வந்தால் வாசலில் வரிசை. எந்தச் சுவரிலும் எதுவும் ஒட்டவில்லை. சோபியப் பேசியதே போதுமாயிருந்தது. தையல் ஆலைக்குப் போகிற பெண்கள், தாய்லாந்து எல்லையில் மூட்டை தூக்குகிற பையன்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது. முப்பத்தேழு பேர் வரை எண்ணினேன்.

"அக்கா, தெரியாதுன்னு எழுதித் தர்றீங்களாமே? எனக்கும் எழுதுங்க. ஒரு வருஷமா இருப்பிடச் சான்றிதழ் வாங்க முடியலக்கா."

தலைவர் வந்தார். "என்ன கூட்டம்?"

"படிவம் வாங்க வந்திருக்காங்கய்யா."

"பேஷ், பேஷ்! படிச்ச ஜனங்க!" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டார்.

பெயர் கேட்பது, எழுதுவது, விரலைப் பிடிப்பது என்று போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கெல்லாம் என் கையே சிவப்பாகிவிட்டது. "அடுத்தது யாரு? பேரு சொல்லு" என்றேன், நிமிராமலே.

நிமிர்ந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல், முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரு பையன். முகமூடியை லேசாக இறக்கினான். தலைவரின் மகன் லீஹூர்.

"கல்யாணத்தப் பதியணும்க்கா" என்று கிசுகிசுத்தான். "சொந்தக் கையெழுத்துல விண்ணப்பம்னு வீட்ல கறாரா சொல்லிட்டாரு. பொண்ணு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரு."

"ஐயோ லீஹூர்... இதுக்கும் உங்கப்பாதானே கையெழுத்துப் போடணும்?"

"அதுக்கென்னக்கா? மத்த பேப்பரோட நடுவுல வச்சிருங்க" என்றான். "அவரு என்னைக்குப் படிச்சாரு?"

உள்ளே ஊஞ்சல் கிரீச்சிட்டது. லீஹூர் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றான். நான் பிடித்து மையில் அழுத்தினேன்.