வீட்டுப் படியில் விழுந்தவன்

விடியும் முன்பே பிலிமத்தலாவைத் தேயிலைக் கிடங்கில் சுதேஷின் முதுகில் ஐம்பது கிலோ மூட்டை ஏறிவிட்டது. தேயிலைத் தூசி மூக்கை அடைத்தது. எட்டு மணிக்குள் லொறி நிறைய வேண்டும். மற்ற நாட்களில் அதற்குப் பிறகு கம்பனி அணியோடு ரக்பி பயிற்சி. இன்று சனிக்கிழமை, மாலையில் ஆட்டம். கம்பனிப் பதிவேட்டில் அணியில் ஆடுகிற எல்லோரும் மூட்டை தூக்குகிறவர்கள். விளம்பரப் பலகையில் மட்டும்தான் வீரர்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில், அவனோடு மூட்டை தூக்கும் லெட்சுமணன் தலையில் அடிபட்டு விழுந்தான். விழுந்தவன் முகத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, கன்னத்தில் தட்டி, மறுபடி ஆடவிடுவது இந்த அணியின் வழக்கம். அன்று அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கியவன் சுதேஷ். "ஒண்ணுமில்லண்ணே, வாங்க" என்றான். பத்தே நிமிடத்தில் லெட்சுமணன் திரும்பவும் சாய்ந்தான். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, சொந்த மனைவி ஜெயராணியிடம், "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறான். அதைக் காதால் கேட்டதிலிருந்து சுதேஷுக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் மழை இருட்டிக்கொண்டு நின்றது. ஆட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, உடைமாற்றும் அறைக்கு மனேஜர் சேதுராமன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"லெட்சுமணன் வீட்டுப் படியில வழுக்கி விழுந்தான்னு எழுதியிருக்கு. எல்லாரும் சைன் வைங்க. சுதேஷ், நீ மொதல்ல."

"அவரு கிரவுண்ட்லதானே சார் விழுந்தாரு?"

"ரக்பி வேலை இல்லப்பா. ஒங்க விருப்பத்துக்கு ஆடுறீங்க. கம்பனி எதுக்கு நஷ்டஈடு குடுக்கணும்?"

"ஆட வராத நாளுக்குச் சம்பளத்த வெட்டுறீங்களே சார். விருப்பம்னா ஏன் வெட்டுறீங்க?"

சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். "அவனத் தூக்கி விட்டது நீதானே. விசாரணைன்னு வந்தா மொதல்ல ஒன் பேருதான் வரும்."

படுபாவி, வலிக்கிற இடம் பார்த்தே அடித்தார். கையெழுத்து வைத்தால் சுதேஷின் தப்பும் அந்தப் பொய்ப் படியோடு போய்விடும். ஜெயராணி வெறுங்கையோடு நிற்பாள்.

காகிதத்தை வாங்கிப் புரட்டி, பின்பக்கத்தில் எழுதினான்: 'செவ்வாய்க்கிழமை பயிற்சியில் லெட்சுமணன் தலையில் அடிபட்டு விழுந்தார். மயக்கம் தெளியுமுன் நான்தான் தூக்கி ஆடவிட்டேன்.' கீழே பெயரை வைத்தான்.

அணித் தலைவன் நஸீப் அதை வாங்கி வாசித்தான். அலவத்துகொட ஊர்க்காரன், அதிகம் பேசமாட்டான்.

"தண்ணி ஊத்தினது நான்தானே" என்று சொல்லி, அதையும் எழுதிக் கையெழுத்து வைத்தான். அடுத்தவன், 'எழும்பு எழும்பு என்று கத்தினது நான்' என எழுதினான்.

"திங்கக்கிழமை ஒருத்தனுக்கும் கேட் தொறக்காது" என்றார் சேதுராமன்.

"அப்ப எல்லாருமா கேட்டுக்கு முன்னால நிப்போம் சார்" என்றான் நஸீப்.

மைதானத்தில் நடுவர் விசில் ஊதினார். திங்கட்கிழமையை நினைத்து எல்லோருக்கும் பயம்தான். ஆனாலும் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையை விட்டு ஒருவரும் எழவில்லை. காகிதம் கைமாறிக்கொண்டே போனது.

"எடம் முடிஞ்சிருச்சு" என்றான் வாங்கின் கடைசியில் இருந்தவன். "இன்னொரு தாள் குடுங்க."