நாற்பத்தெட்டும் பச்சை

இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஆறு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள் அந்த டிசைன் இன்ஜினியர். "மூணு மாசம் பார்ப்போம்" என்றுதான் மேனேஜர் சேர்த்திருந்தார். அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழன்.

எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் எக்ஸ்சேஞ்சர் ஒன்றை வடிவமைக்க வேண்டும். கோடைத் தண்ணீர், குளிர்காலத் தண்ணீர், முழு ஓட்டம், பாதி ஓட்டம் என்று நாற்பத்தெட்டு கேஸ். எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சாக மென்பொருளில் ஓடவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்து பார்த்தால் நாற்பத்தெட்டும் பச்சை, எல்லாமே தேறிவிட்டன. அறுநூறு குழாயாவது வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இவள் கணக்கில் ஐநூறே போதும் என்று வந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் உடனே மெயில் தட்டிவிட்டாள். அவரும் 'சபாஷ்' என்று பதில் போட்டு, குழாய் வாங்கச் சொல்லிவிட்டார்.

பக்கத்து மேஜைக்காரருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சல்லடை. விருந்துக்குப் போனாலும் சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் என்று கிண்டல் செய்வார்கள். யார் பேட்ச் ஓட்டினாலும் நடுவிலிருந்து ஒரு கேஸை உருவி, உள்ளே கொடுத்த எண்களை வரிவரியாக வாசிப்பார். முடிவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இவளுக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இன்று இவள் பேட்ச்சிலிருந்தும் ஒன்றை உருவினார்.

"ஏங்க, அழுக்குப் படிவு பூஜ்யம்னு இருக்கே. தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

அவள் திறந்து பார்த்தாள். பூஜ்யம்தான். ஓட ஓடக் குழாயில் அழுக்குப் படியும், சூடு கடத்துவது குறையும். அதற்கும் சேர்த்துத்தான் குழாய்களைக் கூட்டி வைப்பார்கள். புத்தம்புதிதாக இருக்கும்போது எப்படி ஓடும் என்று பார்க்க, திங்கட்கிழமை அதைப் பூஜ்யமாக்கியிருந்தாள். அந்தக் கோப்பையே நாற்பத்தெட்டாகப் பிரதி எடுத்துத் தொலைத்திருக்கிறாள். ஒரு தப்பு நாற்பத்தெட்டு குட்டி போட்டுவிட்டது.

எழுந்து ஓடினாள். கொள்முதல் பிரிவில் ஆர்டர் இன்னும் போகவில்லை; மூச்சு வாங்க நிறுத்தச் சொன்னாள். அங்கிருந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். பின்னாலேயே சல்லடையும் வந்து நின்றார்.

"சார், ஐநூறு தப்பு. அழுக்குப் படிவைப் போடாம விட்டுட்டேன். ஆர்டரை நிறுத்தச் சொல்லிட்டேன்."

மேனேஜரின் முகம் இறுகியது. "இதுக்குத்தாம்மா பயந்தேன். ஆறு வருஷம் விட்டுட்டா கை மறந்துடும்."

"விடாம செஞ்ச கையும் மறக்கும் சார்" என்றார் சல்லடை. "போன வருஷம் ஒரு கூலர்ல எண்ணெய் சூடு இறங்கலையே, வாங்கினவங்க பம்ப் சரியில்லைன்னு எழுதிக் குடுத்தேனே... பம்ப் நல்லாத்தான் இருந்துச்சு. நானும் இதே பூஜ்யத்தைத்தான் விட்டிருந்தேன். தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கலை. இவங்க அஞ்சு நிமிஷத்துல வந்து நிக்கிறாங்க."



"நீங்க உட்காருங்க" என்றார் மேனேஜர் அவரிடம். பிறகு இவளைப் பார்த்து, "நீ போய்த் திரும்ப ஓட்டும்மா. திங்கட்கிழமை வந்ததும் அடுத்த எக்ஸ்சேஞ்சரை ஆரம்பி."

திங்கட்கிழமை! வெளியே வந்தவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த அண்ணன்கூடத் தனக்காக இப்படி வலியப் போய்த் தலையைக் கொடுத்திருப்பானா என்று நினைத்தாள். இந்த மனிதர் மேலா மூன்று மாதமாக எரிந்து விழுந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்துச் சல்லடை வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னார்?"

"அந்தக் கூலரை வாங்கினவங்க முன்னாடி நானே போய் நின்னு சொல்லணுமாம்."

"ரொம்ப நன்றிங்க. இந்த உதவியை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா யாருமே கேக்கலையே, ஏன் சொன்னீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நீங்க எழுந்து ஓடினீங்க இல்ல? நமக்கும் ரெண்டு கால் இருக்கேன்னு அப்பத்தான் தோணுச்சு."