தனித்தனியாக நாற்பத்தெட்டு

கச்சிராயபாளையத்தில் புளி மண்டி வைத்திருக்கும் சிங்கராயர் குதிரை ஏறியவர் அல்லர். ஏறினால் குதிரைக்குத்தான் ஆபத்து. ஆனாலும் கோமுகி அணைக்குக் கீழே வருஷா வருஷம் நடக்கும் பந்தயத்தில் அவர் ‘சரி’ என்று சொல்லாமல் எந்தக் குதிரையும் ஜெயிக்க முடியாது. எடை பார்ப்பது அவர்.

விதிகளைக் கொண்டுவந்தவன் லாரன்ஸ், சென்னையில் ரேஸ் குதிரை லாயத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். தாண்டுவதற்கு வேலியோ பள்ளமோ கிடையாது. சமதரையில் ஆயிரத்து இருநூறு மீட்டர், வேகம் மட்டும்தான். முன்பு ஜெயித்த குதிரைக்குச் சுமை ஜாஸ்தி, தோற்றதற்குக் கம்மி. ஓட்டுகிறவர் சேணத்தோடு தராசில் ஏறி, குறித்த எடையைக் காட்ட வேண்டும். குறைந்தால் சேணப்பையில் ஈயத் தகடு போட்டு ஈடுகட்டுவார்கள். ஓடி முடிந்ததும் மறுபடி எடை. அப்போது குறைந்தால் முதலிடம் அடுத்த குதிரைக்குப் போய்விடும்.

கரியாலூர் மலர்விழி ஓட்டிய கடுக்காய் என்ற கறுப்புக் குதிரைக்கு இந்த முறை விழுந்த சுமை ஐம்பத்து நாலு கிலோ. அவளும் சேணமும் சேர்ந்து நாற்பத்தெட்டு. மீதி ஆறு கிலோ ஈயம். குதிரை அவள் மாமன் பொன்னுரங்கத்துடையது. இன்றைக்கும் தோற்றால் கடற்கரைச் சவாரிக்காரனுக்கு விற்றுவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

கடுக்காய் ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது.

மலர்விழி சேணத்தை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் லாரன்ஸ் வந்துவிட்டான். கை நிறைய ஈயத் தகடு.

“வளைவுல கெடந்துச்சுண்ணே. இன்னா மலரு, வழியெல்லாம் கொட்டிக்கினு வந்தியா?”

சேணப்பையின் அடி கிழிந்து, பை காலியாக இருந்தது. அவள் முகம் வெளுத்தது.

“ஏறும்மா,” என்றார் சிங்கராயர். “நாப்பத்தெட்டு வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

சேணத்தோடு ஏறினாள். ஐம்பத்து நாலு.

“புளி போடுற மிஷினாச்சே, அதான்!” என்று லாரன்ஸ் சிரித்தான்.

“மூடுடா.” சிங்கராயர் இருபது கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தார். இருபது. அவளை மட்டும் ஏற்றினார். நாற்பத்து மூன்று. சேணத்தை மட்டும் வைத்தார். ஐந்து. மறுபடி அவளிடம் சேணத்தைக் கொடுத்து ஏறச் சொன்னார்.

ஐம்பத்து நாலு.

லாரன்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. கடுக்காய் சேணத்தைப் பார்த்துப் பின்வாங்கியது.

“மொதலாளி,” என்றாள் மலர்விழி மெதுவாக. “வளைவுல திரும்புறப்ப யாரோ பின்னாலேர்ந்து இடுப்பப் புடிச்சிக்கினாப்ல இருந்துது.”

“கையி எம்மாம் பெருசு?”

அவள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொஞ்சமாக விரித்துக் காட்டினாள்.

நாற்பது வருஷ வியாபாரத்தில் எடையைத் திருடினவர்களை சிங்கராயர் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். கேட்காமல் ஆறு கிலோ கூடக் கொடுத்தவரைப் பார்த்ததில்லை. சும்மா கொடுப்பவர் யார், எதற்குக் கொடுக்கிறார்? எதிரே பொன்னுரங்கம் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, பதிலுக்காக நின்றார். மலர்விழி குதிரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லாரன்சு, ஆளும் சேணமும் சேத்துதான எடை?”

“சேத்துதாண்ணே…”

“அப்ப அம்பத்து நாலு. சரி!”

லாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தான். பொன்னுரங்கம் கடிவாளத்தை மருமகளிடம் கொடுத்தார். சிங்கராயர் கை நீட்டிச் சேணத்தை வாங்கி, அவள் தராசிலிருந்து இறங்கியதும் திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப லேசாக் கீது மொதலாளி!” என்று சிரித்துவிட்டு அவள் குதிரையோடு ஓடினாள்.

சிங்கராயர் தராசை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் வைத்துக் கட்டினார். உச்சி வெயில். கரும்புக் காட்டுச் சாலையில் வண்டி ஏறியதும் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் இடுப்பைத் தேடின. அந்தத் தொப்பையைச் சுற்றி வளைக்க நீளம் போதாமல், சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன. தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது.

அவர் திரும்பவில்லை.

“மண்டி வரைக்குந்தான் போவும் வண்டி,” என்றார், சாலையைப் பார்த்தபடியே. “நடுவுல எங்கயாச்சும் எறங்கணும்னா இப்பவே சொல்லு.”