மூன்று நாள் அடைப்பு

ஜெரோன் பதினெட்டு நாளில் நான்கு நாடுகளைப் பார்த்து முடிக்க வேண்டுமாம். ஹாலந்துக்காரன், ஆறரை அடி உயரம். முதுகில் இருந்த பைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். லாவோஸுக்கு அவன் ஒதுக்கியது நான்கு நாள்.

"நாலு நாள்ல முழுசா பாத்துடலாம்ல?" என்று லுவாங் நம்தா சந்தையில் கேட்டான்.

"தாராளமா" என்றேன். முப்பத்திரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், எனக்கே பார்த்து முடியவில்லை. அதை அவனிடம் சொன்னால் வழிகாட்டி வேலை எப்படி நடக்கும்?

ஒரு நாள் காட்டு நடை, ஹுவாய் லோ கிராமத்தில் தங்கல், மறுநாள் காலை திரும்பல் என்று பேச்சு. அந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. ஊர்த் தலைவர் தோங்லாவின் மகள் புவா. இரண்டு முறை பெண் கேட்டுவிட்டேன். எங்கள் கம்மு ஜனங்களில் கல்யாணம் ஆனவன் முதலில் மாமனார் வீட்டில் தங்கி இரண்டு வருஷம் மலை வயலில் வேலை செய்ய வேண்டும். தோங்லா இரண்டு முறையும் அதையேதான் பிடித்துக்கொண்டார்.

"சேர்ந்தாப்புல மூணு நாள் ஒரு வீட்டுல தங்கியிருக்கியாடா நீ? வெள்ளைக்காரன் பின்னாடியே ஓடுறவன் எனக்கு எப்படிக் களை எடுப்பே?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. புவாவோ இரண்டு முறையும் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். பிடிக்கும் என்றும் சொல்லவில்லை, பிடிக்காது என்றும் சொல்லவில்லை. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடைப் பாதையில் ஊரை நெருங்கியபோது வாசல் கம்பத்தில் மூங்கில் பட்டையால் பின்னிய நட்சத்திரம் தொங்கியது. ஊர் அடைப்பு. ஊர் ஆவிக்குப் பலி கொடுத்த பிறகு மூன்று நாள் வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வேலை எதையும் தொடக்கூடாது. யாராவது மீறினால் மறுபடி ஒரு கோழி, ஒரு சாடி அரிசி மது, முதலிலிருந்து மூன்று நாள். நடை பழகும் கம்முக் குழந்தைகூட அந்த நட்சத்திரத்தைக் கண்டால் நின்றுவிடும்.

நானும் நின்றேன். மூன்று நாள் என்று யோசித்தேன்.

"ஜெரோன், அந்த மரத்துல பாரு, எவ்வளவு பெரிய சிலந்தி!"

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தான். நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் போனேன்.

ஊரே திரண்டு வந்து எங்களை முறைத்தது. அன்றைக்கு அடைப்பின் கடைசி நாளாம். சாயங்காலம் நட்சத்திரத்தை இறக்க இருந்தார்கள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா, கம்சேங்?" என்றார் தோங்லா.

"பனி மூடியிருந்துச்சு மாமா."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா?"

தோங்லாவின் தம்பி மட்டும், "அப்ப இன்னும் மூணு நாள் களை எடுக்க வேண்டாம்" என்று சந்தோஷமாகச் சாடியைத் தேடிப் போனார்.

விஷயத்தைச் சொன்னதும் ஜெரோன் குதித்தான். "நாளன்னைக்கு நான் ஹனோய்ல இருக்கணும்! என்னால முடியாது, நான் போறேன்."

"போ. ஆனா நீ போனா இவங்களுக்கு மறுபடி முதல்லேர்ந்து மூணு நாள். வயல்ல களை இடுப்பளவு நிக்குது."

சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். பையைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். நல்லவன்தான், அவசரம் மட்டும்தான் அவன் வியாதி.

எங்களைத் தோங்லாவின் வீட்டில் தங்க வைத்தார்கள். புவா ஜெரோனுக்கு ஒட்டுச்சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்னவும், சாடியில் நீளக் குழாய் போட்டு உறிஞ்சவும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் அவன் பகலிலேயே குறட்டை விட்டான். என்னிடம் அவள் பேசியதெல்லாம் நையாண்டிதான்.

"உன் ஆளு தூங்கறப்ப கால் வாசலைத் தாண்டி நீட்டிக்கிட்டிருக்கு. ஊர் எல்லையைத் தாண்டிடப்போகுது, இழுத்து உள்ள விடு."

"அவனை விடு. நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"அதான் தெரியுதே, வேலையில்லாம இருக்கே."

தோங்லா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னும் ஓடலியே?"

"எங்கயும் போகல மாமா."

"கட்டிப் போட்டா மாடும்தான் நிக்கும். அவ சரின்னா பாக்கலாம். நீயே கேட்டுக்கோ."

மூன்றாம் நாள் மதியம் கேட்டே விட்டேன். புவா மூங்கில் கூடையைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"சாயங்காலம் நட்சத்திரத்தை இறக்கிடுவாங்க. வெள்ளைக்காரன் பையைக் கட்டி வை" என்றாள்.

போ என்று சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. களை எடுக்கிற நேரத்தில் ஓர் ஊரையே முடக்கிப் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இதுதான். ஜெரோனின் பையை என் கையாலேயே கட்டினேன்.

சாயங்காலம் ஊர் முழுவதும் வாசல் கம்பத்தடியில் கூடியிருந்தது. தோங்லா ஏணியில் ஏறி முதல் முடிச்சை அவிழ்த்தார். ஜெரோன் பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றான். அவனுக்கும் எனக்கும் நடுவே புகுந்து, ஏணியை ஒட்டி, முதுகில் கூடையோடு புவா வெளியே நடந்தாள். பத்தடி போனாள். குனிந்து ஒரு கைப்பிடி கீரை கிள்ளினாள். திரும்பி உள்ளே வந்தாள்.



"என்னடி பண்ணினே?" என்று தோங்லா ஏணியிலிருந்து கத்தினார்.

"கீரை பறிச்சேன்."

"நட்சத்திரம் இன்னும் இறங்கலடி! மறுபடி மூணு நாளு!"

"தெரியும்." கூடையை என் காலடியில் இறக்கி வைத்தாள். "பத்தாதுன்னா சொல்லுங்க, மறுபடி போயிட்டு வரேன்."

தோங்லாவின் தம்பி உடனே சாடி எடுக்க ஓடினார். ஜெரோன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "இப்ப என்ன ஆச்சு? என்ன சொன்னா அவ?"

ஒன்பது வருஷமாக ஊர் உலகத்துக்கே மொழிபெயர்த்தவன் நான். அன்றைக்கு அவன் பையைக் கழற்றிக் கீழே வைத்ததுதான் என் மொழிபெயர்ப்பு.

தோங்லா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவிழ்த்த முடிச்சை மறுபடி இறுக்கினார்.

"கோழி என்னோடது" என்றார். "அடைப்பு முடிஞ்ச மறுநாள் உங்கப்பனைச் சாடியோட வரச் சொல்லு. நீ போய்க் கூப்பிட வேணாம். அந்த நெட்டையன் கிளம்புறப்ப அவன்கிட்ட சொல்லி அனுப்பு."